நாலு மணிக்கு ஒரு கதவு

போன வாரம் வக்கீலம்மாவைக் கையில் பல் பிரஷ்ஷோடு குளியலறை வாசலில் நிறுத்திவிட்டு நாம் பாட்டுக்குப் போய்விட்டோம். வாய் கொப்பளிக்கக்கூட விடவில்லை. முதலில் அந்தப் பாவத்தைத் தீர்ப்போம்.

நடந்தது இதுதான். வியாழக்கிழமை காலை ஏழு பத்துக்கு, அந்த வீட்டு மூன்று பேர் போனிலும் இருக்கிற ‘கதவு அட்டவணை’யில் புதிதாக ஒரு வரி முளைத்தது. நீல நிறத்தில், ‘வெள்ளி மாலை 4 மணி, சாவி வாங்கணும்’ என்று. நீலம் என்றால் கணவன். ஏழு பன்னிரண்டுக்கு அந்த வரி மறைந்துவிட்டது. நடுவில் இருந்த இரண்டே நிமிஷத்தில் அவள் கண்ணில் பட்டுத் தொலைத்தது.

கதவு அட்டவணை என்றால் என்ன என்று இந்த வாரம்தான் நம்மோடு சேர்ந்தவர்கள் கேட்கலாம். வாசல் கதவை விட்டுவிட்டால் அந்த வீட்டுக்குள் இரண்டே கதவுகள். ஒன்று குளியலறைக்கு, இன்னொன்று படுக்கையறைக்கு. மற்றதெல்லாம் ஒரே ஹால்தான். அடுப்பு அதில்தான், சுவரோடு மடங்கும் மேஜை அதில்தான், மகள் தூங்குகிற மடக்குக் கட்டிலும் அதில்தான். ஆபீஸ் விஷயமாகப் போன் பேச வேண்டும், பரீட்சைக்குப் படிக்க வேண்டும் என்றால் படுக்கையறையை முன்கூட்டியே அட்டவணையில் போட்டு வைக்க வேண்டும். “எனக்குப் பத்தரைக்குக் கதவு வேணும்” என்பார்கள். கேட்கிற நமக்குத்தான் சிரிப்பு வரும். அவர்கள் சிரிப்பதை நிறுத்தி ரொம்ப நாளாகிவிட்டது.

சாவி விஷயத்தைக் கணவன் தன் சொந்த நாட்குறிப்பில் போட்டிருக்க வேண்டும். வீட்டு அட்டவணையில் போட்டுவிட்டான். ஒரு நாளைக்கு ஆறு தடவை கதவு கேட்டுப் பழகிப்போன விரல், தானாக அங்கே போய்விட்டது.

இந்த வாழ்க்கையை யாரும் அவர்கள் தலையில் கட்டவில்லை. தாங்களாகத் தேடி வந்து வாங்கிக்கொண்டதுதான். பதினாலு மாசத்துக்கு முன்னால் வேறொரு சின்ன ஊரில் இருந்தார்கள். மூன்று படுக்கையறை, பின்னால் தோட்டம், சாப்பிடக் கூப்பிட வேண்டுமென்றால் தொண்டையைத் திறந்து கத்த வேண்டிய அளவுக்கு வீடு. அப்போது வக்கீலம்மாவுக்கு இந்தப் பெரிய நகரத்தில் பெரிய வேலை கிடைத்தது. ஒரு கம்பெனி இன்னொரு கம்பெனியை வாங்கும்போது எழுதுகிற ஒப்பந்தங்களில் எங்கே ஓட்டை என்று கண்டுபிடிக்கிற வேலை. கோர்ட்டுப் படி ஏறியதே கிடையாது. ஆனாலும் கணவன் வைத்த பெயர் வக்கீலம்மாதான். அவன் ஆர்க்கிடெக்ட். வந்த இடத்தில் இரண்டு பேர் சம்பளமும் இரட்டிப்பானது. வீடு கால்வாசியானது.

அவளுக்கு இந்த ஊர் பிடித்திருந்தது. அதைச் சொல்வதில் என்ன வெட்கம்? பன்னிரண்டு நிமிஷம் நடந்தால் ஆபீஸ். வீட்டு எதிரே புத்தகக் கடை, அதன் மாடியில் நாடக அரங்கு. கூட வேலை பார்ப்பவர்கள் மதியச் சாப்பாட்டில் சாதாரணமாகப் பேசிக்கொள்வதைக் கேட்டாலே அவளுக்கு மூளை சுறுசுறுவென்று ஆகும். “இங்க வந்த பிறகுதான் நான் முழுசா முழிச்சிட்டு இருக்கேன்” என்று தம்பியிடம் சொல்லியிருக்கிறாள்.

பயமும் அதனால்தான் வந்தது. இது அவள் கேட்டு வாங்கிய வாழ்க்கை. கணவன் “சரி” என்று ஒரே வார்த்தை சொல்லிவிட்டுப் பெட்டியைக் கட்டியவன். அந்தச் சரி மனசிலிருந்து வந்ததா, வாயிலிருந்து வந்ததா என்று அவள் ஒரு நாளும் கேட்கவில்லை. இப்போது அவன் எங்கேயோ போய்ச் சாவி வாங்கப் போகிறான். எந்தக் கதவுக்கு?

இனி வெள்ளிக்கிழமை.

காலையில் மேஜையை இறக்குவதற்கு முன்னால் ஃப்ரிட்ஜிலிருந்து எல்லாவற்றையும் எடுத்துவிட வேண்டும். மேஜை இறங்கிவிட்டால் ஃப்ரிட்ஜ் திறக்காது. அன்றைக்கு வெண்ணெயை மறந்துவிட்டார்கள். மூன்று பேரும் எழுந்து, தட்டுகளைக் கையில் பிடித்துக்கொண்டு, மேஜையைத் தூக்கி, வெண்ணெயை எடுத்து, மறுபடி உட்கார்ந்தார்கள். யாரும் யாரையும் திட்டவில்லை. திட்டினால் போய் நிற்க இன்னொரு அறை இல்லை.

“இன்னிக்கு சாயங்காலம் நாலு மணிக்கு யாருக்காவது கதவு வேணுமா?” என்று ரொட்டியில் வெண்ணெய் தடவிக்கொண்டே கேட்டாள். குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. குளித்துக்கொண்டே ஒத்திகை பார்த்த குரல் அது.

“எனக்கு வேணாம்மா. ஸ்கூல்ல நீச்சல் இருக்கு. வர்றதுக்கு அஞ்சாயிடும்” என்றாள் மகள். பன்னிரண்டு வயசு. ஒல்லி, ஓயாத வாய். குருவி என்றுதான் வீட்டில் கூப்பிடுவார்கள்.

“உங்களுக்கு?”

“நாலு மணிக்கா? நான் வீட்டுலயே இருக்க மாட்டேனே” என்றான் கணவன். “சைட்டுக்குப் போறேன்.”

“எந்த சைட்டு?”

“அதான், செருப்பு ரூம் வீடு.”

அவன் வரைந்து கட்டிக்கொண்டிருக்கிற ஒரு பெரிய மனுஷர் வீடு அது. அந்த வீட்டு அம்மாளின் செருப்புகளுக்கென்று ஒரு தனி அறை. அது இவர்கள் குடியிருக்கும் வீட்டைவிட இரண்டடி நீளம் அதிகம். முதல் நாள் வந்து அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தான். அப்புறம் அந்த வீட்டைப் பற்றிப் பேசினால் சிரிப்பதில்லை.

“கல்லு வரலை, ரெண்டு வாரத்துக்கு வேலை இல்லைன்னு சொன்னீங்களே?”

“இன்னிக்கு வந்துடும்.”

“கரெக்டா நாலு மணிக்கா?”

“லாரி எப்ப வருதோ அப்பதான். உன் ஆபீஸ் மாதிரியா?”

பதில் சரியாகத்தான் இருந்தது. ஆனால் குருவி அப்பா முகத்தைப் பார்த்தாள். அப்பா ஜாம் பாட்டிலைப் பார்த்தான். ஓயாத வாய்க்காரி அதற்கப்புறம் பஸ்ஸுக்குக் கிளம்புகிற வரைக்கும் ஒரு வார்த்தை பேசவில்லை.

ஒப்பந்தத்தில் ஓட்டை தேடிப் பிழைக்கிறவளுக்கு இது போதாதா? வக்கீலம்மா செருப்பை மாட்டிக்கொண்டு, “சரி, கல்லு நல்லபடியா வரட்டும்” என்று சொல்லிவிட்டு ஆபீஸுக்குப் போனாள்.

ஆபீஸிலும் யாருக்கும் தனி அறை கிடையாது. இருபத்தி நாலாவது மாடியில் நீள நீளமான மேஜைகள். முதலில் வருகிறவருக்கு ஜன்னல் ஓரம். மதியம் ஒரு மணி வரைக்கும் ஒரே பக்கத்தைப் படித்தாள். பிறகு ஜெராக்ஸ் மெஷின் இருக்கிற சின்ன அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு தம்பிக்குப் போன் போட்டாள். தம்பி இதே ஊரில் பல் டாக்டர்.

“சொல்லுக்கா. எதிர்ல ஒருத்தர் வாயைத் திறந்துட்டு உட்கார்ந்திருக்கார். மரத்துப் போக இன்னும் ஆறு நிமிஷம் இருக்கு.”

“உங்க மாமா ஒரு சாவி வாங்கப் போறார்.”

“வாங்கட்டுமே.”

“அதை அட்டவணையில போட்டுட்டு உடனே அழிச்சுட்டார். நாலு மணிக்கு எங்க போறீங்கன்னு கேட்டா, சைட்டுக்குங்கிறார். சைட்டுல வேலையே நடக்கலை.”

“அக்கா, நீ அக்ரிமெண்டைப் படிக்கிற மாதிரி புருஷனைப் படிக்காத. மனுஷன் தாங்க மாட்டார்.”

“எனக்கு வேற மாதிரி படிக்கத் தெரியாது.”

“சரி, என்னதான் நினைக்கிற? வாயைத் திறந்து சொல்லு.”

“தனியா வீடு பார்த்திருக்கார்.”

“யாரோட?”

“தெரியலை. யாரோடயும் இல்லாம இருக்கலாம். அதுதான்டா பயமா இருக்கு. ஒருத்தி இருந்தா அவளைப் பிடிச்சுச் சண்டை போடலாம். யாருமே இல்லாம, நான் வேண்டாம்னு மட்டும் கிளம்பினார்னா, நான் யாரைப் பிடிக்கிறது?”

தம்பி பக்கத்தில் நோயாளி ஏதோ முனகினார்.

“மூணு மணிக்கு நான் உன் கிளினிக்குக்கு வந்திருக்கேன்னு வெச்சுக்கோ. ஆபீஸ்ல அப்படித்தான் சொல்லப் போறேன். கடைவாய்ப் பல்லு.”

“எந்தப் பக்கம்?”

“என்னது?”

“கேட்டா ஒரே மாதிரி சொல்லணும்ல. இடதா, வலதா?”

“இடது” என்று சொல்லி வைத்தாள். வைத்த பிறகு நிஜமாகவே இடது தாடை வலிக்கிற மாதிரி இருந்தது.

மூன்றரைக்கு வீட்டு எதிரே இருக்கிற புத்தகக் கடையில் நின்றிருந்தாள். கையில் கிடைத்தது நாய் வளர்ப்பைப் பற்றிய புத்தகம். மீன் தொட்டி வைக்கக்கூட இடமில்லாத வீட்டுக்காரி, பெரிய சாதி நாய்களுக்கு எவ்வளவு ஓடுகிற இடம் வேண்டும் என்ற பக்கத்தைப் பிரித்து வைத்துக்கொண்டு கண்ணாடி வழியாக எதிர் வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கே தன்னை நினைத்தால் அசிங்கமாக இருந்தது. ஆனாலும் நகரவில்லை.

மூன்று நாற்பதுக்கு அவன் வெளியே வந்தான். கையில் ஒன்றுமில்லை. சைட்டுக்குப் போகிறவன் எப்போதும் எடுத்துப் போகிற தோள் பையும் இல்லை. நேராகப் பக்கத்து ஹார்ட்வேர் கடைக்குள் நுழைந்தான். நாலு நிமிஷம் கழித்து வெளியே வந்தபோது ஒரு கையில் மஞ்சள் வாளி, இன்னொரு கையில் தரை துடைக்கிற மாப்பு. வாளிக்குள் ரெண்டு மூன்று புதுத் துணிகள்.

தம்பிக்குச் செய்தி அனுப்பினாள். ‘வாளி வாங்கியிருக்கார். மாப்பும்.’

‘அப்ப பொம்பளை விஷயம் இல்லைக்கா. அதுக்கு யாரும் வாளி எடுத்துட்டுப் போக மாட்டாங்க’ என்று பதில் வந்தது.

‘உனக்கு எப்படித் தெரியும்?’

போனைப் பைக்குள் போட்டாள்.

தம்பி சிரித்திருப்பான். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. அவர்கள் வீட்டில் வாளி கிடையாது. வைக்க இடமில்லை. ஒரு வாளி வாங்கலாமா கூடாதா என்று வந்த புதிதில் ஒரு மாசம் சண்டை போட்டு, கூடாது என்று முடிவு செய்ததே அவன்தான். அப்படிப்பட்டவன் வாளி வாங்கினால், வாளி வைக்க இடமிருக்கிற வீடு ஒன்று எங்கேயோ இருக்கிறது என்றுதானே அர்த்தம்? அந்த வீட்டில் அவன் இருக்கப் போகிறான். அவள் இல்லை.

நாய்ப் புத்தகத்தை அடுக்கில் வைத்துவிட்டுப் பின்னாலேயே நடந்தாள்.

இரண்டு தெருதான். பேங்க் கட்டடத்தைத் தாண்டி, மரங்கள் இருக்கிற சந்தில் திரும்பினான். திரும்பிப் பார்க்கவே இல்லை. மனசில் கள்ளம் இருக்கிறவன் திரும்பிப் பார்ப்பான் என்று ஒரு நிமிஷம் ஆறுதல் பட்டுக்கொண்டாள். அடுத்த நிமிஷமே, பழகிப்போனவனும் திரும்பிப் பார்க்க மாட்டான் என்று தோன்றியது.

கீழே துணி துவைக்கிற கடை இருக்கிற ஒரு பழைய கட்டடத்துக்குள் நுழைந்தான். லிஃப்ட் இல்லை. படிக்கட்டு முழுக்கச் சோப்பு வாசனையும் வெக்கையும். அவள் ஒரு மாடி இடைவெளி விட்டு ஏறினாள். வாளி ஒவ்வொரு திருப்பத்திலும் கைப்பிடிக் கம்பியில் இடித்துக்கொண்டே போனது. நாலாவது மாடியில் சத்தம் நின்றது.

“தண்ணிக் குழாய் மூடுற இடம் இங்க இருக்கு. ஜன்னலை மட்டும் கொஞ்சம் இழுத்துப் பிடிச்சு மூடணும்.” ஒரு பெண் குரல்.

வக்கீலம்மா இன்னும் நாலு படி ஏறினாள்.

“பரவாயில்லைங்க, நான் சரி பண்ணிக்கிறேன்” என்றது கணவன் குரல்.

“இந்தாங்க. மூணு சாவி. தொலைச்சா இன்னொண்ணு என்கிட்ட கிடையாது.”

வெளியே வந்த பெண்ணுக்கு அறுபது வயசு இருக்கும். இடுப்பில் ஒரு பெரிய சாவிக் கொத்து, கையில் நோட்டு. கட்டட மேனேஜர். படியில் ஒருத்தி ஒண்டிக்கொண்டு நிற்பதைப் பார்த்துவிட்டு நின்றாள்.

“யாரைப் பார்க்கணும்?”

“உள்ள இருக்கிறவரை.”

“நீங்க?”

“அவரோட மனைவி.”

மேனேஜர் அம்மாள் அவளைத் தலையிலிருந்து கால் வரைக்கும் ஒரு தடவை பார்த்தாள். “அப்படிங்களா” என்றாள். கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு மெதுவாக இறங்கிப் போனாள். அந்த ‘அப்படிங்களா’ வக்கீலம்மாவுக்குப் பிடிக்கவில்லை.

கதவு திறந்தே இருந்தது. உள்ளே அவன் குழாயில் நனைத்த துணியால் மண்டி போட்டுத் தரையைத் துடைத்துக்கொண்டிருந்தான். வாளியில் இன்னும் தண்ணீர் பிடிக்கவில்லை. பத்துக்குப் பன்னிரண்டு அறை. ஒரு மூலையில் தடுப்புக்குப் பின்னால் ஒரு சின்ன அடுப்பு மேடை, அதை ஒட்டிக் குளியலறை. ஒரே ஒரு ஜன்னல். சுவரில் மடங்குகிற சாமான் எதுவும் இல்லை. எந்தச் சாமானுமே இல்லை.

“கல்லு வந்துடுச்சா?” என்று கேட்டாள்.

அவன் தூக்கிவாரிப் போட்டுத் திரும்பினான். பிறகு துணியைக் கீழே வைத்துவிட்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான்.

“எப்படிக் கண்டுபிடிச்ச?”

“வாளி.”

“வாளியா?” அவனுக்கு நிஜமாகவே புரியவில்லை. விளக்கிச் சொல்லும் நிலையில் அவள் இல்லை.

“யாருக்கு இது?”

“எனக்குத்தான். வேலைக்கு. உட்கார்ந்து வரையறதுக்கு ஒரு ரூமு.”

“வேலைக்கு மட்டும்தானா?”

“பின்ன? வக்கீலம்மா, நேத்து நான் எங்க உட்கார்ந்து க்ளையன்ட்கிட்டப் பேசினேன்னு தெரியுமா? நீ கதவு போட்டிருந்த. குருவி ஹால்ல பாட்டு வகுப்பு. நான் டாய்லெட்டை மூடி, அது மேல உட்கார்ந்து, அந்த ஆளுக்கு நீச்சல் குளம் எவ்வளவு அகலம் வைக்கலாம்னு அரை மணி நேரம் விளக்கினேன். நடுவுல குருவி வந்து தட்டுறா. அவசரமாம். அவர்கிட்ட, ‘ஒரு நிமிஷம் சார், மீட்டிங் ரூமை இன்னொருத்தர் கேட்கறாங்க’ன்னு சொன்னேன்.”

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வரக் கூடாது என்று நினைத்தாள், வந்துவிட்டது. அவனும் சிரித்தான். ரொம்ப நாள் கழித்து இரண்டு பேரும் ஒரே விஷயத்துக்குச் சிரித்தார்கள். அவள் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தாள்.

“இதை என்கிட்ட ஏன் சொல்லலை?”

“சொன்னா என்ன சொல்லியிருப்ப? ‘உங்களுக்கு இந்த ஊரு பிடிக்கலை, அதை நேராச் சொல்லுங்க’ன்னு ஆரம்பிப்ப. பேச்சு நேரா பழைய வீட்டுல போய் நிக்கும். அப்புறம் ரெண்டு நாளைக்கு ஹால்ல யாரும் மூச்சு விட முடியாது.”

“பிடிக்கலையா?”

அவன் துணியை எடுத்து முறுக்கிப் பிழிந்தான். ஏற்கெனவே பிழிந்த துணி.

“உன்னோட ஊரு இது. நல்லாத்தான் இருக்கு.”

நம்ம ஊரு என்று அவன் சொல்லவில்லை என்பதை அவள் கவனித்தாள். ஆனால் இப்போது அதைப் பிடித்துத் தொங்க வேண்டாம் என்று விட்டுவிட்டாள். அவன் ஒருத்தியைத் தேடிப் போகவில்லை. ஊரை விட்டும் போகவில்லை. இரண்டு தெரு தள்ளி உட்கார்ந்து படம் வரையப் போகிறான். அதற்கு இந்தப் பாடு படுத்திவிட்டோமே என்று கூச்சமாகக்கூட இருந்தது.

“அக்ரிமெண்டைக் குடுங்க. படிச்சுப் பார்க்கிறேன். பழைய கட்டடத்துல எல்லாம் கண்டதையும் எழுதி வெச்சிருப்பாங்க.”

“அது மெயில்ல வரும்.”

“கையெழுத்து வாங்காமயா சாவி குடுத்தாங்க?”

“கையெழுத்து போட்டாச்சு. காப்பிதான் அனுப்பறேன்னு சொன்னாங்க.”

கீழேயிருந்து மேனேஜர் அம்மாள் குரல் கொடுத்தாள். “சார், மீட்டர் பார்த்து ஒரு கையெழுத்துப் போட்டுட்டுப் போங்க. நான் மறுபடி ஏற முடியாது.”

“இதோ வர்றேன்” என்று எழுந்தான். வாசலில் நின்று திரும்பினான். “ரெண்டு நிமிஷம். நீ அப்படியே நில்லு, தரை ஈரமா இருக்கு.”

அவன் காலடிச் சத்தம் இறங்கிப் போனது. அவள் கதவைச் சாத்தினாள். சும்மாதான் சாத்தினாள். படிக்கட்டு வெக்கை உள்ளே வந்துகொண்டிருந்தது. கை அதுபாட்டுக்குத் தாழ்ப்பாளையும் போட்டுவிட்டது.

அதற்கப்புறம் நடந்ததை அவள் யாரிடமும் சொல்ல மாட்டாள். நமக்குத் தெரியும் என்பதால் சொல்கிறேன். அவள் ஜன்னலுக்குக் கீழே, காய்ந்த இடமாகப் பார்த்து, சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள். காலை நீட்டினாள். எதிலும் இடிக்கவில்லை. யாரும் நேரம் கேட்டு நிற்கவில்லை. இன்னும் பத்து நிமிஷத்தில் வெளியே வர வேண்டும் என்று போன் அடிக்கவில்லை. பதினாலு மாசத்தில் முதல் தடவையாக, தான் மட்டும் இருக்கிற ஓர் அறை. ஐயோ, எவ்வளவு நன்றாக இருக்கிறது என்று வாய்விட்டே சொன்னாள். சொன்னதும், இதைத்தானே அந்த மனுஷனும் தேடியிருக்கிறான் என்று புரிந்து, அவன்மேல் பொங்கிக்கொண்டு பிரியம் வந்தது. ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒரு இரண்டு மணி நேரம் இந்த அறையைத் தனக்குத் தரச் சொல்லிக் கேட்க வேண்டும். பதிலுக்கு நல்ல மேஜை ஒன்று வாங்கித் தர வேண்டும். கால் வைத்து நிற்கிற மேஜை, மடங்காதது.

மிச்சத் தரையைத் தானே துடைத்து வைத்துவிட்டால் அவன் வந்து பார்த்துச் சந்தோஷப்படுவான். எழுந்து, வாளியிலிருந்து காய்ந்த துணி ஒன்றை எடுத்தாள்.

துணிக்கு அடியில், நனையாமல் இருக்கப் பிளாஸ்டிக் பையில் போட்டு, சட்டைப் பையில் வைக்கிற மாதிரி நாலாக மடித்த ஒரு கவர் இருந்தது.

மெயிலில் வர வேண்டியது வாளியில் இருந்தது.

அவள் எந்த ஒப்பந்தத்தையும் கடைசிப் பக்கத்திலிருந்துதான் படிப்பாள். முதல் பக்கத்தில் எல்லோரும் நல்லவர்களாக இருப்பார்கள். கடைசிப் பக்கத்தில் ஒரு கட்டம் போட்டு விவரம் கேட்டிருந்தார்கள். கேள்விகள் அச்சில், பதில்கள் கையெழுத்தில். அச்சு கோத்த மாதிரி நேராக எழுதுகிற ஆர்க்கிடெக்ட் கையெழுத்து. அவள் கண்ணை மூடிக்கொண்டு சொல்வாள், அது யாருடையது என்று.

‘அலுவலகம்’ என்ற கட்டம் காலியாக இருந்தது. ‘குடியிருப்பு’ என்ற கட்டத்தில் ஒரு டிக். காலம், அடுத்த மாசம் முதல் தேதியிலிருந்து இரண்டு வருஷம். அதற்குக் கீழே, ‘தங்குவோர் விவரம்.’

பெரியவர், ஒருவர்.

குழந்தை, ஒன்று.

இரண்டாவது தடவை படித்தாள். அந்தப் பக்கத்துக்கு ஏதாவது ஒரு நல்ல அர்த்தம் சொல்லிப் பார்க்கத்தான் படித்தாள். அவள் வேலையே அதுதானே, எந்த வாக்கியத்துக்கும் இரண்டு அர்த்தம் கண்டுபிடிப்பது. சும்மா வந்து போகிறவர்களையும் எழுதச் சொல்லியிருப்பார்கள் என்று வைத்துக்கொள்ளலாம். அப்படியானால் பெரியவர் இருவர் என்றல்லவா இருக்க வேண்டும்? மகள் வந்து போகிற இடத்துக்கு மனைவி வந்து போக மாட்டாளா? அந்த ‘அப்படிங்களா’வுக்கு இப்போது அர்த்தம் விளங்கியது.

ஊரை விட்டுப் போக வேண்டும் என்று அவசியமே இல்லை. இரண்டு தெரு தள்ளிப் போனாலும் போனதுதான். அவன் போவதைப் பற்றி மட்டும்தான் அவள் இரண்டு நாளாகப் பயந்துகொண்டிருந்தாள். மகளும் கூடப் போவாள் என்று ஒரு நிமிஷம்கூடத் தோன்றவில்லை. என்ன தாய் நான் என்று நினைத்தாள்.

போனை எடுத்துக் குருவியைக் கூப்பிட்டாள். மூன்றாவது மணியில் எடுத்தாள். பஸ் சத்தம் கேட்டது.

“அம்மா? நீச்சல் சீக்கிரம் முடிஞ்சிடுச்சு. பஸ்ல வந்துட்டு இருக்கேன்.”

“குருவி, நான் ஒரு ரூம்ல இருக்கேன். நாலாவது மாடி. கீழ துணி துவைக்கிற கடை.”



“அப்பா சொல்லிட்டாரா?” என்றாள் குருவி.

குரலில் பயம் இருந்திருந்தால் தாங்கியிருப்பாள். அதில் இருந்தது நிம்மதி. ரொம்ப நாளாகச் சுமந்த பையைக் கீழே இறக்கி வைத்த நிம்மதி.

“ஞாயித்துக்கிழமைதான் சொல்லணும்னு பேசி வெச்சிருந்தோம். நானும் பக்கத்துல இருக்கணும்னு அப்பா சொன்னார்.”

“என்னன்னு சொல்றதா இருந்தீங்க?”

“அப்பா சொல்லலையாம்மா?”

“பாதி சொன்னார். மீதியை நீ சொல்லு.”

படிக்கட்டில் காலடிச் சத்தம் ஏறி வந்தது. கைப்பிடி திரும்பியது, நின்றது. “தாழ்ப்பாள் போட்டிருக்கியா?” என்று வெளியிலிருந்து கேட்டான். பிறகு, “வக்கீலம்மா?” என்றான். அவள் கையிலிருந்த காகிதத்தைப் பார்த்துக்கொண்டு, அறைக்கு நடுவில், ஈரத் தரையில் நின்றாள்.

“நீ அழ மாட்டேன்னு சொல்லு, சொல்றேன்” என்றாள் குருவி.

“அழ மாட்டேன்.”

கதவு தட்டுகிற சத்தம் பலமாகக் கேட்டது. பஸ் சத்தத்தைத் தாண்டி அது மகளுக்கும் கேட்டிருக்க வேண்டும்.

“யாரும்மா அது தட்டுறது?”

“யாரும் இல்லை” என்றாள் வக்கீலம்மா. “நீ சொல்லு.”